பெருக்கித் தள்ளியவரின் பெயரில் ஒரு முகாம்

தென்னாப்பிரிக்காவில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது ஒருநாள் ஓய்வு கிடைத்தது. தோழர் ஒருவரின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு க்ரூகர் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினேன். விடியும்போது உள்ளே போய், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். குறிப்பிட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. சபி ஆற்றில் நீர்யானைகள். இம்பாலா மான்களை முதல் பத்து நிமிடம் விழுந்து விழுந்து எடுத்தோம். பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறுத்தை வாலை மட்டும் காட்டியது. எந்தப் படத்திலும் மனிதர் இல்லை. காட்டை அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

மதியம் ஸ்குகுசா முகாமில் சாப்பாடு. சோங்கா மொழி பேசும் வழிகாட்டியிடம் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். துடைப்பம் பிடிப்பதுபோலக் கையை வீசிக் காட்டினார். பெருக்கித் தள்ளுபவர்! 1902இல் இங்கே வார்டனாக வந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு மக்கள் வைத்த பெயராம். வெள்ளையரின் துப்பாக்கி வேட்டையும் 1896இன் வெக்கை நோயும் விலங்குகளை அழித்திருந்தன. வெளியேற்றப்பட்டதோ அங்கே குடியிருந்த கறுப்பின மக்கள். பூங்கா நிர்வாகம் அந்தப் பெயரையே முகாமுக்குச் சூட்டி அவரைக் கௌரவித்திருக்கிறது. பெருக்குகிறவர் என்றால் நம் ஊரில் யார் முகம் நினைவுக்கு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே துடைப்பம் அதிகாரி கையில் இருந்தது.

இது பழைய கதையும் இல்லை. பூங்காவின் வடகோடியில், பஃபூரியில் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969இல் நிறவெறி அரசு துப்பாக்கி முனையில் அகற்றி, நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. நிறவெறி ஆட்சி போன பிறகு அவர்கள் நில மீட்புச் சட்டப்படி உரிமை கோரினார்கள். 1998இல் நிலம் திரும்பக் கிடைத்தது. இன்று அங்குள்ள சுற்றுலா விடுதிகளின் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இதை முழு வெற்றி என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். ஒப்பந்தப்படி அந்த நிலத்தில் விவசாயம் கூடாது, சுரங்கம் கூடாது, வீடு கட்டிக் குடியேறவும் கூடாது. பத்திரம் அவர்கள் பேரில் இருக்கிறது, அடுப்பு மூட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பத்திரம் இல்லாமல் விடுதிக்காரர்கள் அவர்களோடு பேசக்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பஞ்சமி நில மீட்பில் வேலை செய்யும் தோழர்கள் இந்த ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள். குறிப்பாக, நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியை.