சுட்டவர் சொன்னதே தீர்ப்பா?

போன வருடம், வெட்டுப்பட்டுக் கிடந்த ஒரு சேரி இளைஞனின் அம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். "அவங்க தற்காப்புக்குத்தான் வெட்டுனாங்களாம்மா" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். யார் சொன்னது? வெட்டியவர்கள் சொன்னது. ஆஸ்பத்திரியில் இருந்தவனிடம் அதுவரை ஒருவரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

அன்று எனக்கு அகமத் ஆர்பெரி நினைவுக்கு வந்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த 25 வயதுக் கறுப்பின இளைஞர். 2020 பிப்ரவரி 23 அன்று ஒரு குடியிருப்புப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தவரை, திருடன் என்று சந்தேகப்பட்டு வெள்ளையரான அப்பாவும் மகனும் துப்பாக்கியோடு வண்டியில் துரத்தினார்கள். இன்னொருவர் பின்னால் வந்து வீடியோ எடுத்தார். கையில் எதுவும் இல்லாத ஆர்பெரியை மகன் சுட்டுக் கொன்றான். தற்காப்பு என்றார்கள். அன்று யாரும் கைதாகவில்லை.

அந்த அப்பா முன்னாள் போலீஸ்காரர். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புலனாய்வாளராகவும் இருந்தவர். வழக்கைப் பார்த்த ஓர் அரசு வழக்கறிஞர், கைது செய்ய முகாந்திரமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மே 5 அன்று வீடியோ வெளியே வந்தது. மாநிலப் புலனாய்வுத் துறை உள்ளே வந்து, இரண்டே நாளில் அப்பாவையும் மகனையும் கைது செய்தது. கொலை நடந்து 74 நாட்கள் கழித்து! அந்த வீடியோவோ முதல் நாளிலிருந்தே போலீஸ் கையில் இருந்தது. சாட்சியம் இருந்தது, விசாரிக்கும் மனம்தான் இல்லை.

2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மூவருக்கும் ஆயுள் தண்டனை. 'தற்காப்பு' நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 74 நாட்கள் அது நின்றது போலீஸ் தயவில்தான்.

தோழர்களே, தற்காப்பு ஓர் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை; நமக்கும் அது வேண்டும். ஆனால் அது நீதிமன்றத்தில் வைக்க வேண்டிய வாதம். ஸ்டேஷனிலேயே கோப்பை மூடுவதற்கான காரணம் அல்ல. நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சுட்டது போலீஸாக இருந்தாலும் தப்ப முடியாது. என்கவுண்டர் மரணங்களில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சிஐடியோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கொன்றவர் தன் கதையைச் சொல்ல உயிரோடு இருக்கிறார். செத்தவர் தரப்பைச் சொல்ல புலன்விசாரணையை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதனால் அடுத்த முறை ஸ்டேஷனில் 'தற்காப்பு' என்ற சொல் காதில் விழுந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் எண் என்ன, விசாரிப்பது யார், இந்தப் பக்கம் யாரிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். நானும் அந்த அம்மாவும் அன்று இரவு பத்து மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எஃப்ஐஆர் நகலோடுதான் வெளியே வந்தோம்.