ஐந்து தலைமுறைப் பெயர்கள்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை, நம் பள்ளியில் படித்து இப்போது ஆட்டோ ஓட்டும் பிள்ளை ஒருவன் வாசலில் வந்து நின்றான். "டீச்சர், கோட்டை பார்க்க வந்தவங்க. ஏதோ ஊரு தேடுறாங்களாம், நீங்கதான் சொல்லணும்" என்றான். பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவர் மகளும் இருந்தார்கள். பார்த்தால் நம் தெருக்காரர்கள் போலத்தான் இருந்தார்கள். ஆனால் "வணக்கம்" தவிரத் தமிழ் வரவில்லை. மொரீஷியஸ்காரர்கள்.

உலக வரைபடத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு புள்ளி, அதுதான் மொரீஷியஸ். நம் விழுப்புரம் மாவட்டத்தைவிடச் சிறிய தீவு. வகுப்பில் அதன்மேல் குச்சியை வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள்தான் நான். ஆனால் அந்தப் புள்ளிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761 வரை கோட்டை அவர்களிடம்தான் இருந்தது. அதே காலத்தில் மொரீஷியஸும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அங்கே போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுபோனார்கள்.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்கள் நாலரை லட்சம் பேருக்கு மேல். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களில் நம் தென்னார்க்காட்டு மக்களும் உண்டு. அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய படித்துறை 'ஆப்ரவாசி காட்' இன்று யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம்.

வந்தவர் ஒரு காகிதத்தை நீட்டினார். மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் காலப் பதிவேடுகள் இருக்கின்றனவாம். அதிலிருந்து எடுத்தது. அவருடைய முன்னோரின் பெயர், அவருடைய தகப்பன் பெயர், 1859, ஊர். ஊரின் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மேலச்சேரியாக இருக்கலாம், வேறு ஏதாவது சேரியாகவும் இருக்கலாம்.

மேலச்சேரிக்கே போனோம். பெரியவர்கள் நாலைந்து பேரைக் கேட்டோம். "பஞ்சத்துல கப்பலேறிப் போனவங்க உண்டுன்னு சொல்லுவாங்கம்மா. பேரு யாருக்குத் தெரியும்?" என்றார்கள். வேறு இரண்டு ஊர்களிலும் அதே பதில்தான்.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. முருங்கைக்கீரையைப் பார்த்ததும் அந்தப் பெண் "முரூம்!" என்றாள். அங்கே அதன் பெயர் அதுதானாம். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. விரதம் முடிந்தால் வாழையிலையில் ஏழு கறி வைப்பார்களாம். அவர் தங்கள் நாட்டு நூறு ரூபாய் நோட்டைக் காட்டினார். ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரின் படமும் தமிழ் எழுத்தும் அதில் இருந்தன. 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் எதிர்த்து நின்றதால் அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது. இவ்வளவையும் சொன்னவர், அந்த எழுத்தை என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

பிறகு தம் முன்னோர் ஐந்து தலைமுறையின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். "உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" என்று மகள் மூலமாக என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் பாபர், அக்பர் என்று வம்சவரிசை ஒப்பிக்க வைத்தவள், வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். கடல் கடந்து போனவர்கள் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊரிலேயே இருந்த நாம் தொலைத்துவிட்டோம்.

அவர் ஊர் தெரியாமலேதான் திரும்பிப் போனார். நம்மில் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு நோட்டு இருந்திருந்தால், ஒருவேளை தெரிந்திருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, ஓய்வுக்குப் பிறகு நான் கொடுக்கும் ஒரே வீட்டுப்பாடம் இது. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து கேளுங்கள். பெயர்கள், ஊர், ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வையுங்கள். நானும் தொண்ணூறு வயதான என் அத்தையிடம் கேட்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், செஞ்சி