மாடியறைக் கல்லூரி

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்வோர், கொண்டலாம்பட்டியைக் கடந்ததும் இடப்புறம் ஜருகுமலையைக் காண்பர். மல்லூரைத் தாண்டி ஆண்டகளூர் கேட்டை நெருங்குகையில் கொல்லிமலையின் நீண்ட முகடு கீழ்வானில் எழுந்து நிற்கும். இடைப்பட்டதெல்லாம் சமவெளி, மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். நடுநடுவே கோழிப் பண்ணைகளின் நீண்ட கூரைகள். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இந்தச் சாலையில் சென்ற மாதம் பயணம் செய்தேன். பிறருக்கு அது நெடுஞ்சாலை. எங்கள் குடும்பத்திற்கோ சோறிட்ட சாலை. என் அக்கா இவ்வழியே வேலைக்குச் சென்றுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அக்கா கல்லூரியில் பயின்றவர் அல்லர். அக்காலத்துப் பதினோராம் வகுப்பாகிய எஸ்.எஸ்.எல்.சி.யை 1972-ஆம் ஆண்டு முடித்தார். எங்கள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதியவர். அவருக்குக் கண் பார்வை மங்கி வந்த காலம் அது. பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்றனர் உறவினர். அப்பா கேளாமல், அம்மாவின் வெள்ளிக் கொலுசை அடகு வைத்து, அக்காவை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார்.

இன்ஸ்டிட்யூட் என்றதும் பெரிய கட்டடத்தை எண்ண வேண்டா. கடைவீதியில் ஒரு மாடியறை, குறுகிய படிக்கட்டு, சுவரோரம் வரிசையாக ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் பொறிகள். விடியற்காலை முதல் இரவு வரை மணிக்கு ஓர் அணியாக மாணவர் வந்து போவர். கல்லூரிக்குச் செல்லப் பொருளில்லாதோருக்கு அதுவே கல்லூரி. சேலம் மட்டுமன்று, ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களிலும் இத்தகைய மாடியறைகள் பல பிள்ளைகளை உருவாக்கின என்பது மிகையன்று.

அங்கே கற்பிக்கப்பட்டவை மூன்று: தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல். அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை இவற்றுக்கு ஆண்டுதோறும் இருமுறை தேர்வு நடத்தியது. இளநிலை, முதுநிலை என்பன அவற்றின் பெயர்கள். பேச்சு வழக்கில் லோயர், ஹையர்.

ஆங்கிலத் தட்டச்சில் முதல் பாடம் ஏ, எஸ், டி, எஃப் என்று இடக்கை விரல்களுக்கு இடம் காட்டுவதாகும். விசைகளைப் பாராமல் தாளை மட்டும் பார்த்து அடிக்க வேண்டும். சில மாதங்களில் கண் அறியாததை விரல் அறிந்துவிடும். இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். ஐந்து தட்டு ஒரு சொல் என்பது கணக்கு. ஆகவே இளநிலை மாணவர் பத்து நிமிடத்தில் 1,500 தட்டு தட்டவேண்டும். இரண்டாம் தாளில் வணிகக் கடிதமும் கட்டம் கட்டிய பட்டியலும் வரும். எத்தனை எழுத்து, எவ்வளவு இடம் என்று எண்ணி, பட்டியலைத் தாளின் நடுவே நிறுத்துவது ஒரு கலை.

தமிழ்ப் பொறியிலோ முதல் வரிசை ய, ள, ன, க என்று தொடங்கும். தமிழின் இத்தனை எழுத்துகளையும் அச்சிறு விசைப்பலகையில் அடக்க வழி கண்டவர்களுள் முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா ஆவார். புள்ளி விசையை அடித்தால் உருளை நகராது. புள்ளியை முதலில் இட்டு எழுத்தைப் பின்னர் அடித்தால், எழுத்தின் தலையில் புள்ளி சரியாக அமரும். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அரசு அலுவலகங்களில் தமிழ்க் கோப்புகள் பெருகப் பெருக, இரு மொழியும் அடிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உயர்ந்தது. அக்காவும் இரண்டையும் கற்றார்.

சுருக்கெழுத்து அதனினும் கடினம். ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட அம்முறை எழுத்தை விட்டு ஒலியைப் பிடிக்கிறது. மெல்லிய கோடு ஓர் ஒலி. அதே கோட்டை அழுத்தி எழுதினால் அதன் இணையொலி. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும். இளநிலைக்கே நிமிடத்திற்கு 80 சொல், முதுநிலைக்கு 120. இரவில் நான் செய்தித்தாளை உரக்கப் படிக்க, அக்கா பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் கோடு கீறுவார். என் ஆங்கிலம் தேறியது அப்படித்தான்.

கணக்கியலை அக்காவுக்கு அப்பாவே சொல்லித் தந்தார். கடையில் அவர் எழுதியது நாள் ஏடும் பற்று வரவும். இன்ஸ்டிட்யூட் நூலோ இரட்டைப் பதிவு முறையைப் போதித்தது: குறிப்பேடு, பேரேடு, இறுதியில் இருபுறமும் ஒத்துவர வேண்டிய இருப்பாய்வு. "நான் முப்பது வருஷமா செஞ்சதுக்கு இதுதான் பேரா கண்ணு?" என்று அப்பா வியந்தது இன்றும் என் செவியில் உள்ளது.

தேர்வு நாளன்று இன்ஸ்டிட்யூட் பொறிகளையெல்லாம் வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்திற்குக் கொண்டு செல்வர். வண்டி குலுங்கியதாலோ என்னவோ, அக்காவின் பொறியில் 'இ' என்னும் விசை பாதியில் சிக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து அது. அக்கா ஆங்கில இளநிலையில் தோற்றார். கொலுசும் மீளவில்லை. வீட்டில் அன்று யாரும் உண்ணவில்லை. மறுநாள் காலை அப்பா, "விரலு கத்துக்கிட்டத யாராலயும் பறிக்க முடியாது கண்ணு, போயிட்டு வா" என்றார். அக்கா எழுந்து அதே படிக்கட்டை ஏறினார். ஆறு மாதம் கழித்துத் தேறினார்; பின் ஹையரும் தேறினார்; 1975-இல் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே நாமக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக அமர்ந்தார். முதல் ஊதியத்தில் கொலுசு மீண்டது.

அதே அணியில் பயின்ற எல்லாருக்கும் இப்பேறு வாய்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர். ஆயினும் இச்சமவெளியின் வணிகம் அவர்களுள் பலரைக் கைவிடவில்லை. லாரி புக்கிங் அலுவலகங்களுக்குச் சரக்குச் சீட்டு எழுதவும், சவ்வரிசி ஆலைகளுக்கு விலைக் கடிதம் அடிக்கவும், லீ பஜார் மண்டிகளுக்குப் பேரேடு போடவும் ஆள் தேவைப்பட்டது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளை வியப்போர், அவற்றின் பின்னே அமர்ந்து கணக்கெழுதிய விரல்களை நினைப்பதில்லை.

அக்கா பணியாற்றிய காலத்திலேயே, 1997-இல், நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தது. விசைகளின் இடம் மாறவில்லையாதலால் அவர் அஞ்சவில்லை. 2013-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில்தான் சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடையே பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. "எனக்குன்னு வராம இருந்துச்சு பாரு" என்று அக்கா சிரித்தார்.

நாமக்கல்லில் இறங்கி, ஒற்றைக் கல்லாய் நிற்கும் மலைக்கோட்டையைப் பார்த்தவாறு கடைவீதியில் நடந்தேன். ஒரு மாடியிலிருந்து பழகிய ஓசை கேட்டது. ஏறிப் பார்த்தேன். அலுவலகங்களிலிருந்து மறைந்துபோன பொறிகள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றின் முன் பதினைந்து பேர், பெரும்பாலோர் பெண்கள். அரசுத் தட்டச்சர் பணிக்கு இத்தேர்வுச் சான்று இன்றும் தேவை. அதனுடன் கணினிச் சான்றும் கேட்கிறார்கள். மூலையில் ஒரு சிறுமி முதல் பாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தந்தை வாயிலருகே பெஞ்சில் அமர்ந்திருந்தார்.

"இதப் படிச்சா வேலை கெடைக்குங்களா?" என்று என்னைக் கேட்டார்.

கிடைக்கும் என்று உறுதி சொல்ல எனக்கு உரிமையில்லை. "விரல் கற்றுக்கொள்ளுங்க, அது வீண் போகாதுங்க" என்றேன். பெற்றோரே, நம் பிள்ளைகளுக்குப் பெரிய படிப்பையே நாடுகிறோம், நாடுவோம். ஆனால் சிறிய படிப்பு என்று எதையும் இகழ வேண்டா. பணமும் குலப்பெயரும் துணை வராமல், பத்து நிமிடத்தில் தன் கையொன்றையே நம்பி நிற்கக் கற்றவர், வாழ்வில் தோற்றாலும் மீண்டும் படியேறுவார்.

கீழே இறங்கினேன். சேலம் செல்லும் பேருந்து புறப்படக் காத்திருந்தது.