வெள்ளி பூத்த வானம்

“வெள்ளி பூத்திருக்கா புள்ள?”

மார்கழி நெருங்கிவிட்டால் பொழுது சாய்ந்ததும் அம்மா கட்டிலில் கிடந்தபடி கேட்கும் கேள்வி இது. கதவைத் திறந்து கல்முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்ப்பேன். மேகம் போர்த்தியிருந்தால் அன்றைக்குக் கவலையில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் அசையாமல் நின்றுபோயிருந்தால் சாக்குகளை எடுக்க வேண்டியதுதான்.

எங்கள் வீடு ஊட்டியில் காந்தலில், பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் தண்ணீரைப் போலவே மலைச் சரிவில் வழிந்து இறங்கி, தாழ்ந்த இடமாகப் பார்த்துத் தேங்கி நிற்கும். மேட்டில் இருக்கிற வீடுகளில் ரோஜா சிரித்துக்கொண்டிருக்கிற காலையில் எங்கள் முற்றம் உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். நான்கு டிகிரி என்று பேப்பரில் போட்டிருக்கும்; நான்கு டிகிரியில் எப்படி உறையும் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். வெப்பமானியை நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள், புல் இருப்பது தரையில் என்றார். தெளிந்த ராத்திரியில் அந்த நாலடிக்குள் பல டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது.

பனி விழுகிறது என்று சொல்கிறோம். மேலிருந்து எதுவும் விழுவதில்லை. பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் இலையும் கல்லும் ராத்திரி வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சில்லிட்டுப் போக, காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே அவற்றின் மேல் படிகமாகப் பூக்கிறது. மேகம் இருந்தால் கம்பளிபோல அந்தச் சூட்டைத் தடுத்துக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஓட்டுத் தாழ்வாரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் கார்த்திகை மழை விட்டு நீர்ப்பனி தொடங்கியதுமே தொட்டிகளையெல்லாம் சுவரோரம், தாழ்வாரத்தடிக்கு நகர்த்திவிடுவேன். மேற்குப் பார்த்த சுவர் அது. சாயங்கால வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு நடுராத்திரி வரைக்கும் கொடுக்கும். “வானம் தெரியாத எடமாப் பாத்து வை” என்பார் அப்பா. ஃப்யூஷியா, ஜெரேனியம், பிகோனியா, அம்மாவின் கிறிஸ்துமஸ் சிவப்பிலைச் செடி எல்லாம் அங்கே நெருக்கியடித்து நிற்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆட்களைப் போல.

அப்பா அரசு தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரராக இருந்தார். 1848-இல் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரர் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் அது. மழை முடிந்ததும் அங்கே கோத்தகிரி மிலார் என்ற செடி கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அலங்காரச் செடிகளுக்கும் புதிதாக நட்ட நாற்றுகளுக்கும் அந்த மிலாரைக் கொண்டு கூரை போடுவார்கள். மே மாத மலர்க் காட்சியில் ஜனங்கள் பார்த்து வாய்பிளக்கிற பூக்களில் பல, குளிர்காலத்தில் யாரோ மிலார் போட்டுக் காப்பாற்றியவை. காட்சிக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. அப்பாவின் விரல் நகங்களில் மிலார்ப் பிசுபிசுப்பு கறுப்பாக ஒட்டியிருக்கும். சாப்பிடும்போது அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை முடிந்து வரும்போது ஒரு கை மிலார் எங்கள் முற்றத்துக்கும் வரும். அம்மாவுக்கு அது போதாது. அவளுக்குத் தாகைச் செடி வேண்டும். அவள் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கேயும் ஜனவரி, பிப்ரவரியில் பனி கருக்கும். நாற்றுமேடைக்குத் தாகை குத்தி நிழல் கட்டுகிற வேலையை என் ஆச்சியோடு போய்ச் செய்திருக்கிறாள். 1964-இல் இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் அவர்கள் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லமாட்டாள். “எறங்குன மொத நாளே ரோட்டோரத்துல தாகையப் பாத்தேன்” என்று மட்டும் சொல்வாள். தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி சொல்வாள்.

மிலாரா தாகையா என்று இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் பேச்சு நடக்கும். இப்போது எனக்கு இரண்டும் எளிதில் கிடைப்பதில்லை, சாக்குதான். ஆனால் சாக்கு இலையில் படக்கூடாது. பட்ட இடம் வழியாகவே குளிர் இறங்கி அந்த இலை மட்டும் கருகும். தொட்டிக்கு நான்கு குச்சி நட்டு, அதன்மேல் கூடாரம் மாதிரி போட்டு, ஓரம் தரையைத் தொடும்படி இழுத்துவிட வேண்டும். மண்ணிலிருந்து வருகிற சூடு உள்ளேயே நிற்கும். பிளாஸ்டிக் தாள் எனக்குப் பிடிக்காது. உள்பக்கம் வியர்த்து அந்தத் தண்ணீரே இலையில் சொட்டும். காலையில் வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சோம்பல்பட்டு இரண்டு நாள் மூடியே வைத்த பிகோனியா தண்டோடு அழுகியதை மறக்கமாட்டேன்.

தண்ணீர் விடுவதற்கும் நேரம் உண்டு. பனிக்காலம்தானே, செடிக்குத் தாகம் ஏது என்று நினைக்கிறவர்கள் தொட்டியைக் காயவிடுகிறார்கள். காய்ந்த மண் சீக்கிரம் சில்லிட்டுவிடும். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் ஊற்றத் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுவேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. ஒரு காலத்தில் வைத்திருந்தோம். விடியற்காலையில் அந்தத் தட்டுகளில் கண்ணாடிச் சில்லுபோல மெல்லிசாக ஐஸ் கட்டியிருக்கும். நானும் தம்பியும் அதை முழுசாக உரித்தெடுக்கப் போட்டி போடுவோம். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே கோடுகோடாக இறகு வரைந்திருக்கும். விரல் மரத்துப்போய் அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடுவான் தம்பி. அம்மா அவன் கையை அடுப்பில் காட்டமாட்டாள், தன் அக்குளில் செருகிக்கொள்வாள். விறைத்ததற்குச் சட்டென்று சூடு காட்டக்கூடாது.

செடிக்கும் அதேதான். பனி கட்டிய இலையில் வெயில் சுள்ளென்று விழுந்தால்தான் அதிகம் கருகுகிறது. பூங்காவின் புல்வெளிகளுக்கு உறைபனி நாட்களில் காலையில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். கேரட், உருளை போட்டிருப்பவர்களும் அப்படியே. நானும் ஏதாவது தொட்டி மூட மறந்து வெளுத்துப்போயிருந்தால், சூரியன் எட்டுவதற்கு முன்னால் பூவாளியில் சாதாரணத் தண்ணீரை மெல்ல ஊற்றிவிடுவேன். பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

ஹைட்ராஞ்சியா மட்டும் முற்றத்தின் மூலையில், மண்ணிலேயே நிற்கிறது. அதை நகர்த்த முடியாது. ஊட்டியின் புளித்த மண்ணுக்கு அது நீலமாகப் பூக்கும், பள்ளிக்கூடத்து மைபோல. பனிக்காலத்தில் அந்தப் பூங்கொத்துகள் காகிதம் மாதிரி பழுப்பாகக் காய்ந்து செடியிலேயே தொங்கும். அப்பாவுக்கு அது பொறுக்காது. பூங்காவில் காய்ந்த பூ ஒன்று கண்ணில் பட்டாலும் கத்தரித்துப் பழகியவர். ஒரு டிசம்பரில் அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டார். அவள் வந்து பார்த்து, “தலையில கெடந்த துணிய எடுத்திட்டிங்களே” என்றாள். அந்த ஜனவரியில் நுனிமொட்டெல்லாம் கறுத்துப்போயிற்று. போன வருஷத்துக் கொம்பில்தான் அது பூக்கும். அந்த வருஷம் இலையோடு சரி. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பனிக்குக் காய்ந்த பூ ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. இப்போதும் நான் மாசி கழிந்துதான் கத்தரி எடுப்பேன்.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போகிறேன்.

முற்றத்துக் கற்களை அப்பாதான் பாவினார். உடைகல்லாகக் கிடைத்ததை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மூன்றாகப் பதித்தார். இடுக்கெல்லாம் மணல் போட்டு நிரப்பினார். மழைக்காலத்தில் அந்த இடுக்குகளில் பாசி பிடிக்கும்; பார்க்கப் பச்சைப் பட்டு. பனி தொடங்குவதற்குள் அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஈரத்தைக் கல்லின் மேல் பிடித்துவைப்பது பாசிதான். ஒரு வருஷம் நான் தேய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு, பிள்ளைக்குக் காய்ச்சல், எது எதுவோ காரணம்.

பொங்கலுக்கு முதல் நாள். காலையில் பெரிதாகக் கோலம் போட வேண்டும் என்று சாயங்காலமே நான்கு வாளி தண்ணீர் ஊற்றி முற்றத்தைக் கழுவிவிட்டேன். நன்றாகக் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அன்றைக்கு வானத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து, எனக்கு முன்னால் புள்ளி வைத்துவிட வேண்டும் என்று கோலமாவுக் கிண்ணத்தோடு இறங்கியிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது கோலமாவும் பனியும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. எது எதென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று, தடியூன்றி நடந்தாள், பிறகு நடை குறைந்து ஜன்னலோரக் கட்டிலாயிற்று.

நான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருஷமாக அதை அவள் வாயால் நான் கேட்டதில்லை. வானத்தைப் பற்றி மட்டும் தினமும் கேட்கிறாள். அது எனக்குச் சொல்லிக்கொடுக்கிற கேள்வியா, செடிகளுக்கான கேள்வியா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் மாசி முடியும்வரை கற்களுக்குத் துடைப்பம் மட்டும்தான். கழுவியே ஆக வேண்டுமென்றால் உச்சி வெயிலில். பொழுது சாய்வதற்குள் நடக்கிற தடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவிவிடுவேன். வழுக்காது. வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைக்கிறேன் என்று எதிர்வீட்டில் ஒருமுறை முயன்றார்கள். அதுவும் உறைந்து இன்னும் மோசமாயிற்று.

நேற்று சாயங்காலம் நல்ல மேகம். “வெள்ளி ஒண்ணுகூட இல்லம்மா” என்றேன். “அப்ப பேசாமப் படு” என்றாள்.

இரண்டு மணி இருக்கும், கூப்பிட்டாள். “புள்ள, குளிர் மாறிடுச்சு. எந்திரிச்சுப் பாரு.” எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்தேன். மேகத்தையெல்லாம் யாரோ வாரிக்கொண்டு போயிருந்தார்கள். தலைக்கு மேலே வானம் முழுக்க வெள்ளி, கொட்டிவைத்த மாதிரி. தொட்டிகளின் மேல் இன்னும் வெண்மை ஏறவில்லை. டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாக்குகளை அள்ளினேன். முதலில் ஹைட்ராஞ்சியாவுக்கு. காய்ந்த பூக்கள் கையில் சரசரத்தன.

ஜன்னல் திரை விலகிற்று.

“கல்லுல பாத்துக் கால் வையி.”

“சாம்பல் போட்டிருக்கேம்மா” என்றேன்.