டென்ஷனரை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

2012-இல் என்னிடம் வந்த கட்சிக்காரர் கும்பகோணத்தில் டாக்சி ஓட்டுபவர். வங்கிக் கடனில் வாங்கிய ஒரே ஒரு இண்டிகா டீசல் கார். சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி என்று நவக்கிரகக் கோயில்களுக்கு வெளியூர்க்காரர்களை அழைத்துப் போவதுதான் பிழைப்பு. 2011 டிசம்பரில் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு சவாரி போகும் வழியில், அம்பகரத்தூர் பக்கம் வண்டி படுத்துவிட்டது. டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று.

ஒரு பட்டறையில் அந்த பெல்ட்டை மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "பெல்ட்டு, டென்ஷனர் ரெண்டுக்கும் சேத்துதான் சார் பில்லு போட்டாங்க" என்று காகிதத்தை நீட்டினார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. என்ஜினைப் பிரித்த வேறொரு மெக்கானிக், "இதத் தூக்கிப் போட்றாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார். அவருக்கு இந்த வழக்கில் பாதிப் பெருமை உண்டு.

பைக்குள் அறுந்த பெல்ட்டும் கழற்றிய டென்ஷனரும் இருந்தன. டென்ஷனர் உருளையை விரலால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, இரும்பு வளையம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பெல்ட்டின் முதுகு, அதில் உரசி உரசிக் கண்ணாடிபோலப் பளபளத்தது. பல் பக்கம் மட்டும் புத்தம் புதிது.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது அந்த ரப்பர் பட்டை; பட்டையின் விறைப்பைக் காப்பது டென்ஷனர். டீசல் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கு இடமே இருப்பதில்லை. கணக்குத் தப்பினால் இரண்டும் மோதும். பெல்ட்டைப் புதிதாகப் போட்டுவிட்டுப் பழைய டென்ஷனரை அப்படியே விட்டால், புதிய பெல்ட்டின் ஆயுள் பழைய பேரிங்கின் கையில்.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு போட்டோம். பட்டறையின் பதிலுரையில் முதல் ஆட்சேபணை: வண்டி டாக்சி, ஆகவே வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல. இதற்கு லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இலேயே வழிகாட்டியிருந்தது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கித் தானே ஓட்டும் வண்டி வணிக நோக்கத்தில் சேராது. இரண்டாவது: வண்டி நின்றது காரைக்கால் பகுதி, அது புதுச்சேரி, தஞ்சை மன்றத்துக்கு அதிகாரமில்லை. பட்டறை எங்கள் மாவட்டத்தில் இருந்ததால் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவே அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தந்தது. பையில் இருக்கும் டென்ஷனர் இந்த வண்டியுடையதே அல்ல என்றார்கள். பிரித்த மெக்கானிக்கின் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்தோம். ஆனால் ஒருவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் எப்போதும் இருக்கும். ஆகவே ஒரே ஒரு கேள்வியில் நின்றேன்: பில்லில் எழுதிய டென்ஷனரை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? கொள்முதல் பில்லைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரித் தனி மனு போட்டேன். வாய்தா மேல் வாய்தா ஓடியது. கடைசியில் வந்தது பெல்ட்டுக்கான பில் மட்டும்.

கையில் இருக்க வேண்டிய ஆவணத்தை ஒருவர் காட்டாவிட்டால் அது அவருக்குப் பாதகமாக இருக்கும் என்று அனுமானிக்கலாம். அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின் (g) விளக்கம் அது. நுகர்வோர் மன்றம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் அந்த நியாயத்தை மன்றம் ஏற்று, சேவைக் குறைபாடு என்று தீர்ப்பளித்தது. என்ஜின் வேலைச் செலவு முழுவதும் கிடைத்தது.

வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பைத் தள்ளிவிட்டார்கள். சவாரிக் கணக்கு ஏதும் எழுதி வைக்கவில்லை என்பது காரணம். ரொக்கத்தில் பிழைக்கும் டிரைவரிடம் பேரேடு கேட்பது கடுமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுவரை ஒழுங்காகக் கட்டி வந்த கடன் தவணை, வண்டி பட்டறையில் கிடந்த மாதங்களில் மட்டும் தவறியதை வங்கிப் பாஸ்புக் காட்டியது. அதை வைத்து மன உளைச்சலுக்கென்று ஒரு தொகை கொடுத்தார்கள். நின்றுபோன தவணைகளை அதில்தான் கட்டினார்.