ஆயி தந்த தண்ணீர்

எனக்கு வெகுநாளாக அஜீரணம். வைத்தியர்களுக்கும் என்னைப் பார்த்து அலுத்துவிட்டது. பிரான்ஸிலிருந்து திரும்பிய சிநேகிதர் ஒருவர், "விஷி நகரத்துக்குப் போய் மூன்று வாரம் ஊற்று நீர் குடியுங்கள், கல்லைத் தின்றாலும் கரைந்துவிடும்!" என்றார்.

அலியே நதிக்கரையில் உள்ள விஷி, 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 11 ஐரோப்பிய ஊற்று நகரங்களில் ஒன்று. 1861 முதல் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி அங்கே போய்த் தங்கலானார். பூங்காக்களும் சாலைகளும் அமைத்தார். பிறகு கேட்க வேண்டுமா? பிரபுக்களுக்கெல்லாம் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது!

விஷிக்குப் போக என்னிடம் பணம் இல்லை. புதுச்சேரிக்குப் போகப் பஸ் கட்டணம் இருந்தது. அங்கேயும் அதே சக்கரவர்த்தியின் காலத்துத் தண்ணீர் விவகாரம் ஒன்று உண்டு. மனைவியும் நானும் புறப்பட்டோம்.

பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆயி மண்டபம். தூண்களையும் வளைவுகளையும் பார்த்தால் ரோமாபுரியின் நினைவு வரும். புதுவை அரசின் சின்னமும் இதுவே. ஆனால் எந்தத் தளபதியின் வெற்றிக்காகவும் எழுந்ததல்ல; ஊருக்குக் குடிநீர் வந்ததற்காக எழுந்தது.

கர்ணபரம்பரைக் கதை இது: கிருஷ்ணதேவராயர் இவ்வழியே வந்தபோது, தீப ஒளியில் ஜொலித்த மாளிகை ஒன்றைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "இடித்துத் தள்ளுங்கள்!" என்று உத்தரவிட்டார். ஆயி ஒரே ஒரு வரம் கேட்டாள்: இடிக்கும் வேலையைத் தானே செய்ய வேண்டும். வீட்டை இடித்தாள், அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள். நூற்றாண்டுகள் கழித்து, லமெரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவந்தார். ஆயியின் கதையைக் கேட்டு உருகிய சக்கரவர்த்தி, மண்டபத்துக்கு அவள் பெயரையே வைக்கச் சொன்னாராம்.

மண்டபத்தைப் பார்த்ததும் மூலத்தைப் பார்க்க ஆசை வந்தது. மேற்கே முத்திரையர்பாளையம் வழியாக ஊசுட்டேரி வரையில் போனோம். கடலோரத்து இரைச்சல் அடங்கி, பச்சை வயல்களும் பனைமரங்களும் தென்பட்டன. ஏரியின் மேல் நீர்ப்பறவைகள் வட்டமிட்டன. அந்தக் குளிர்ந்த காற்றுக்கு விஷியில் எவ்வளவு கட்டணமோ!

ஆனால் ஒரு கவலை. நிலத்தடி நீரை நாம் அளவில்லாமல் உறிஞ்ச, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. ஆயி வீட்டை இடித்துக் குளம் தந்தாள்; நாமோ குளங்களைத் தூர்த்து வீடு கட்டுகிறோம். விஷியில் வியாதிக்காகத் தண்ணீர் குடிக்கிறார்கள். நமக்கோ தாகத்துக்கே வேண்டும்.

மாலையில் மறுபடியும் மண்டபத்தின் எதிரே உட்கார்ந்தோம். கையிலே விலைக்கு வாங்கிய தண்ணீர்ப் புட்டி. மனைவி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

"ராஜா முதலில் கும்பிட்டதுதான் சரி. விசாரித்த பிறகுதான் தப்புப் பண்ணிவிட்டார்."

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மண்டபத்தை நோக்கிக் கைகூப்பினேன்.

அஜீரணமா? அது அப்படியேதான் இருக்கிறது.