ஷெட் அளவும் கடலூர்க் காற்றும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இரும்பு ஷெட் போட வருபவர் பெரும்பாலும் மனையின் அளவோடுதான் வருகிறார்: "அறுபதுக்கு நாற்பது, சதுர அடிக்கு என்ன ஆகும்?" அனுபவமுள்ள பட்டறைக்காரர் விலை சொல்லும் முன் கேட்பது, "உள்ள என்னங்க வைக்கப் போறீங்க?"

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் பதில் பெரும்பாலும் நெல். கிடங்கில் மூட்டைகளை 30 அடிக்கு 20 அடி அட்டிகளாக அடுக்குவது வழக்கம். 40 அடி அகலத்தில் நீளவாக்கைக் குறுக்கே போட்டால் பக்கத்துக்கு 5 அடி மிஞ்சும். ஆள் நடக்கவும் மருந்தடிக்கவும் அது போதும். லாரி வாசலோடு நின்றால் சரி. உள்ளேயே வர வேண்டுமென்றால், எட்டரை அடி அகல வண்டிக்கு 50 அடியாவது வேண்டும்.

உயரத்தில்தான் தகராறு அதிகம். ஒருவர் முகட்டைச் சொல்வார், மற்றவர் தூண் தலையைச் சொல்வார். பேச்சைத் தூண் தலையில் வைப்பதே நல்லது. பாரம் ஏற்றிய லாரி 13 அடி உயரம் வரை வரும். வாசலுக்கு 15 அடி, அதன் மேல் ஷட்டர் சுருள் உட்கார இரண்டு அடி என்று பார்த்தால் தூண் 17, 18 அடிக்குப் போய்விடும். கடலூர் முதுநகரில் படகு இன்ஜினைக் கழற்றி மாட்டும் ஷெட்டுக்கோ செயின் பிளாக் தொங்கும் உயரம்தான் கணக்கு.

நீளத்தைக் கடையில் கிடைக்கும் இரும்பே பாதி தீர்மானிக்கிறது. பைப் 20 அடி நீளத்தில் வருவதால் தூண்களுக்கு இடையே 20 அடி விட்டால் துண்டு விழாது. 60 அடி என்றால் மூன்று கட்டம், கூரையைத் தாங்கும் ட்ரஸ் நான்கு. 65 கேட்பவர் அந்த ஐந்து அடிக்காக இன்னொரு ட்ரஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறார். நீளத்தைப் பின்னாலும் கூட்டிக்கொள்ளலாம். அகலத்தையும் உயரத்தையும் கூட்டுவது, பிரித்துப் புதிதாகப் போடுவதற்குச் சமம். கையிருப்பு குறைவென்றால் நீளத்தில்தான் கைவைக்க வேண்டும்.

உயரம் கூடக் கூடக் காற்றும் கணக்குக் கேட்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில். இந்தியத் தரநிலை 875இன் மூன்றாம் பகுதி, கடலூர்க் கரைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரைக் கொள்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். கிழக்குக் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்குள் வரும் தொழிற்கூடங்களுக்கு அதை 1.15ஆல் பெருக்கச் சொல்கிறது 2015 திருத்தம். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஷீட் கூரையின் எடை சொற்பம்; காற்று அதை அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதே ஆபத்து. பக்கம் திறந்த ஷெட்டில் கீழிருந்தும் தள்ளும். பார்வைக்காக இரண்டு அடி உயர்த்துவது இந்தக் கரையில் வீண் செலவு.

தரைமட்டம் தனிக்கணக்கு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தாழ்நிலத்தில், முன்பு வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேலே தரை வர வேண்டும். தூண் உயரத்தை அந்தத் தரையிலிருந்து அளப்பதா, பழைய மண்ணிலிருந்தா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

பட்டறையில் முதல் ட்ரஸ்ஸை சாக்பீஸால் தரையில் முழு அளவில் வரைந்து, அதன்மேலேயே பைப்பை வெட்டி வைத்துப் பற்றவைக்கிறார்கள். மற்றவை அதன்மேல் அச்செடுத்தவை. மனையில் நூல் கட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் பிடித்துப் பார்க்கிறார்கள். அறுபதுக்கு நாற்பது என்றால் இரண்டுமே 72 அடி ஒன்றேகால் அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். வந்த பிறகே தூணுக்குக் குழி.